கொக்கிக்குக் கீழே நின்றவள்

பிணம் கண்ணைத் திறக்காமலே என்னிடம் தண்ணீர் கேட்டது.

"வசந்தாம்மா, ஒரு வாய் தண்ணி குடு. ஷாட்டுக்கு இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

பாட்டிலைச் சாய்த்து வாயில் ஊற்றினேன். பிணத்தின் பெயர் சுசீலா. வியாசர்பாடியிலிருந்து வரும் துணை நடிகை. நான் வசனம் எழுதிக்கொண்டிருந்த துப்பறியும் தொடரில் அதுவரை ஏழெட்டு முறை செத்திருந்தார். மூச்சை நிறுத்திப் படுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கோடியில், பல வருடங்களாக மூடிக்கிடக்கும் ஓர் இரும்பு வார்ப்பாலை அது. நல்ல உச்சி வெயில். கூரைத் தகடுகளில் விழுந்திருந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கியது. தரையெல்லாம் கறுப்பு மணல். பக்கத்து ஆலைகள் இரைந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்த இரைச்சல் கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிடும். காலையிலிருந்து எல்லோரும் தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்படிப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சுசீலா படுத்திருந்தது தரையில் பதித்த பெரிய இரும்புத் தகடுகளின் மேல். அதற்கு நேர் மேலே, பழைய கிரேனின் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

"கீழ ஜில்லுனு கீதும்மா," என்றார் சுசீலா. "வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது. முதுகுல மட்டும் ஐஸ் வெச்ச மாரி கீது."

தகட்டில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி இருந்த தூண் கையைச் சுட்டது. தகடு குளிர்ந்திருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அம்மா, அவங்கள அங்கேந்து எழுந்துக்கச் சொல்லுங்க. அங்க படுக்க வைக்காதீங்க."

திரும்பினேன். ஆலையின் காவலாளி ஏழுமலை. ஐம்பதைக் கடந்தவர். காக்கிச் சட்டை, நெற்றியில் சின்னதாக நாமம். காலையில் கேட்டைத் திறந்துவிட்டதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

படுத்தபடியே அறிமுகம்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிச் செல்ல வேண்டியிருக்கிறது.

துப்பறியும் தொடர்களில் பெண்கள் பெரும்பாலும் படுத்தபடிதான் அறிமுகமாவார்கள். முதல் காட்சியில் ஒரு கை தெரியும். அப்புறம் வளையல். அப்புறம் கலைந்த கூந்தல். உயிரோடு இருந்தபோது அவள் என்ன சாப்பிட்டாள், யாரைத் திட்டினாள் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படாது.

நான் பாவாடை தாவணியில் தொலைக்காட்சி பார்த்த காலத்தில் துப்பறிவாளர் என்றால் ஆண்தான். அவருக்கு உதவிக்கு ஒரு பெண் உண்டு. தொலைபேசியை எடுப்பாள், காப்பி கொண்டுவருவாள், கடைசியில் "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பாள். எங்கள் வீட்டில் நானும் தங்கையும் அவளாகத்தான் நடித்து விளையாடுவோம். துப்பறிவாளராக நடிக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு பெண் அதிகாரிகள் வந்தார்கள். காக்கி உடையில் மெதுவாக நடந்து வந்து உதைப்பார்கள். வீட்டுக்குப் போனதும் சமையலறையில் அழுவார்கள்.

ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து துப்பறிகிற தொடர் என்றால் பத்தாவது வாரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மழை வந்துவிடும். இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்குவார்கள். அதற்கப்புறம் கொலையை யார் செய்தால் என்ன?

கருணாகரனும் நானும்

என்னோடு சேர்ந்து அந்தத் தொடரை எழுதியவர் கருணாகரன். அவர் கதை கட்டுவார், நான் பேச வைப்பேன். பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். அவருக்கு மனைவி, இரண்டு பெண்கள். எனக்குக் கணவர், ஒரு மகன். அவருடைய எழுத்து எனக்குப் பிடிக்கும். அவர் ஏலக்காய் மென்று துப்புவது பிடிக்காது. அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது. அதை நம்ப வைக்க நாங்கள் பட்ட பாடு, எழுதப் பட்ட பாட்டைவிட அதிகம்.

அதனால்தானோ என்னவோ, அந்தத் தொடரின் இன்ஸ்பெக்டர் செங்கமலத்துக்கும் ஏட்டு ரஃபீக்குக்கும் நடுவில் காதல் வரக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். அவள் கேள்வி கேட்பாள், அவன் கவனிப்பான். இருவரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்பார்கள். வழக்கு முடிந்ததும் அவரவர் பேருந்து.

ஒரு வருடம் ஓடியது. அப்புறம் சேனலிலிருந்து அழைத்தார்கள். ஏசி அறையில் உட்கார்ந்திருந்த அதிகாரி நேராகக் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் இருக்கு?"

"வேலை," என்றேன்.

"அது பத்தாதும்மா. லவ்வுன்னு காட்டுங்க. இல்லன்னா தங்கச்சின்னு கூப்பிட வைங்க. ஜனங்களுக்கு ஏதாவது ஒண்ணு தெரியணும்."

கும்மிடிப்பூண்டிப் படப்பிடிப்பின் கடைசிக் காட்சியில் ரஃபீக் செங்கமலத்தைக் காப்பாற்றி அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. இல்லையென்றால் எழுதுவதற்கு வேறு ஆள். அன்று காலை ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி என்று நிலையங்கள் போய்க்கொண்டிருக்க, நானும் கருணாகரனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அந்தக் காட்சியை நான் எழுதிப் பையில் வைத்திருந்தேன். கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

ஏழுமலை சொன்னது

சுசீலாவை எழுப்பிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் ஏழுமலையைத் தேடிப் போனோம். கேட்டருகே சின்ன அறை. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்க சீரியல நான் வாரா வாரம் பாப்பேன்," என்றார். "டீவில அந்த ரெண்டு பேரு மட்டுந்தாம்மா எங்க மாரி."

"எங்க மாரின்னா?"

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "நானும் கஸ்தூரியும்."

ஆலை ஓடிய நாட்களில் ஏழுமலை அந்தக் கிரேனை ஓட்டியவர். கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்திருப்பார். உருக்கிய இரும்பு நிறைந்த கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போய் வார்ப்புக்குழியில் இறக்க வேண்டும். கூண்டிலிருந்து குழி சரியாகத் தெரியாது. கீழே ஒருவர் நின்று கையால் சைகை காட்ட வேண்டும். இரைச்சலில் குரல் எடுபடாது. அப்படிக் கை காட்டியவள் கஸ்தூரி. மணல் சலிக்க வந்த பெண். ஒரு நாள் ஆள் வராதபோது நின்று காட்டினாள். அதற்கப்புறம் ஏழுமலை வேறு யார் காட்டியும் இறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"பத்து வருசத்துக்கு மேல வேல செஞ்சோம். பக்கத்துல நின்னு பேசினது கொஞ்சந்தான். நான் மேல, அது கீழ. அது கை சொல்லும், என் கை செய்யும்."

"உங்கள அண்ணான்னு கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார் கருணாகரன்.

"இல்ல சார். டிரைவரேன்னு கூப்டும். அண்ணான்னு கூப்ட்டிருந்தா ஊரு வாய மூடிக்கினு இருந்திருக்கும். அது கூப்டல. எனக்கும் அது தப்பா தெரில."

ஒரு நாள் ஏழுமலை சாப்பிடப் போய்விட்டுத் திரும்பியபோது கஸ்தூரி இல்லை. வெளியே போனாள் என்றார்கள். வீட்டுக்கும் போகவில்லை. யாருடனோ ஓடிவிட்டாள் என்று மறுநாள் கேட்டிலேயே பேச்சு. அவள் புருஷன் நம்பினான். போலீஸ் ஏழுமலையை மூன்று நாள் உட்கார வைத்தது.

"ஒரே கேள்விதாம்மா. உனக்கும் அதுக்கும் இன்னா. ஒண்ணுமில்லன்னா அடி. மூணு நாளும் அது எங்கன்னு யாரும் கேக்கல. உனக்கும் அதுக்கும் இன்னா, அவ்ளோதான். என் சம்சாரம் அன்னிலேந்து என்கூட பேசறதையே கொறச்சிக்கிச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது காணாம போன அன்னிக்குச் சாயங்காலமே அந்தக் குழிய மண்ணு கொட்டி மூடி, அந்தம்மா படுத்திருந்தாங்களே, அந்தத் தகட போட்டாங்க. தண்ணி ஊறுதுன்னாங்க. மறு வருசம் கம்பெனியும் மூடிட்டாங்க. நான் இங்கியே வாட்ச்மேனா ஒக்காந்துட்டேன். ஏன்னா, அது வருது."

"யாரு?"

"கஸ்தூரி. இந்த மாரி உச்சி வெயில்ல. வேலைக்குப் போடற நீலக் கோட்டோட அந்தத் தகடு மேல நின்னு கை காட்டும். எறக்கு, எறக்குன்னு. எப்பவும் அதே சைகைதான். இன்னாத்த எறக்கறது, கரெண்டு இல்ல, கிரேனு துருப்புடிச்சிப் போச்சி. ரொம்ப நாள் கழிச்சித்தான் புரிஞ்சிது. அது எறக்கச் சொல்லல. கீழ காட்டுது."

தகட்டில் வைத்த என் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"போலீசுக்குப் போலாமே," என்றார் கருணாகரன்.

"நான் போய் சொன்னா என் மூஞ்சியப் பாப்பாங்க சார், குழியப் பாக்க மாட்டாங்க. உனக்கு எப்டிடா தெரியும்னு கேப்பாங்க. உங்க கதைல அந்தக் குழியத் தொறக்கற மாரி எழுதுங்கம்மா. அது போதும்."

"உள்ள ஏதாவது இருந்தா உங்களத்தான் மொதல்ல புடிப்பாங்க," என்றேன்.

"புடிக்கட்டும். பயந்துக்கினு இருந்தது போதும்."

மாற்றி எழுதிய காட்சி

நானும் கருணாகரனும் வேனில் உட்கார்ந்து சண்டை போட்டோம். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்றார் அவர். இருந்தால்? என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். இரண்டு பக்கக் காட்சியை அரை மணியில் எழுதினோம். ரஃபீக்கும் இல்லை, அணைப்பும் இல்லை. செங்கமலம் தரைத் தகட்டைப் பார்க்கிறாள். கிரேனுக்குக் கை காட்டுகிறாள். தகடு எழும்புகிறது.

இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. பார்க்க நன்றாக இருக்கும் என்றார். பக்கத்து ஆலைக்கு வந்திருந்த ஹைட்ராவை, அதாவது சக்கரம் வைத்த கிரேனை, நிர்வாகி பேசி அழைத்து வந்தார். ஏன் இந்தக் காட்சி என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. குறிப்பாகச் செங்கமலமாக நடித்த பவித்ராவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இறக்கும் சைகையையும் ஏற்றும் சைகையையும் பவித்ராவுக்குக் கற்றுக்கொடுக்க ஏழுமலையை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். வாசலிலேயே அவர் நின்றுவிட்டார்.

பவித்ரா தகட்டருகே தனியாக நின்று பழகிக்கொண்டிருந்தாள். வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்தது. மணிக்கட்டு சின்ன வட்டமாகச் சுழன்றது. நிதானமான, பழகிய கை.

"யாரு பாப்பா கத்துக்குடுத்தது?" என்று கேட்டார் ஏழுமலை.

"அவங்கதான். நீலக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு அக்கா இருந்தாங்களே. நான் தப்பாப் பண்ணினேன், கையப் பிடிக்காம தூரத்துலேந்தே காட்டினாங்க." சுற்றிலும் பார்த்தாள். "இப்பதான் இங்க நின்னாங்க."

எங்கள் குழுவில் நீலக் கோட்டு போட்டவர் யாரும் இல்லை. அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனையோ பெண்கள் நீலக் கோட்டு போட்டு வேலை செய்கிறார்கள். யாராவது படப்பிடிப்பைப் பார்க்க உள்ளே வந்திருக்கலாம். இன்றுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கேட் பூட்டியிருந்தது. சாவி ஏழுமலையின் இடுப்பில் இருந்தது.

தகடு எழுந்தது

கேமரா ஓடியது. பவித்ரா கை காட்டினாள். ஹைட்ராவின் சங்கிலி விறைத்தது. தகடு ஒரு பக்கமாக எழும்பியபோது உள்ளிருந்து ஈரக் காற்று வந்தது. பூட்டிவைத்த கிணற்றின் வாசனை.

குழி முழுக்க மணல் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். உண்மையிலேயே தண்ணீர் ஊறியிருந்தது. மணல் கரைந்து கரைந்து ஓர் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. வார்ப்பு அச்சு வைக்கும் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று கவிழ்ந்து, அதன் மூலை தெரிந்தது. அதன் பக்கத்தில் மணலுக்கு வெளியே ஒரு தோல் கையுறை. கையுறையோடு சேர்ந்து ஒரு நீலத் துணி.

இயக்குநர் "கட்" சொல்லவில்லை. சுசீலாதான் முதலில் பேசினார். "இது நம்ம சாமான் இல்ல," என்றார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஏழுமலை குழியின் ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "தோ வந்துட்டேன்," என்றார்.

போலீஸ் வந்தது. முதலில் உள்ளே நுழைந்த காவலர் பவித்ராவின் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் வந்த இன்ஸ்பெக்டரும் ஒரு பெண்தான். எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. அவர் ஏழுமலையை ஓரமாக அழைத்துப் போனார். முதல் கேள்வி என் காதில் விழுந்தது.

"அந்தம்மாவுக்கும் உனக்கும் என்ன?"

அதற்குப் பிறகு

இரண்டு நாள் ஏழுமலையை விடவில்லை. நானும் கருணாகரனும் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தோம். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்த எழுத்தர், "நீங்க ரெண்டு பேரும் யாரு, என்ன உறவு?" என்று கேட்டார். கருணாகரன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள், அந்தக் காலத்து ஷிஃப்ட் இன்சார்ஜை மீஞ்சூரில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆள் கேட்டவுடன் சொல்லிவிட்டார். அன்று வேலை அவசரம். ஏழுமலை சாப்பிடப் போயிருந்தார். கிரேன் பழகாத ஒருவனைக் கூண்டில் ஏற்றினார்கள். சங்கிலியைக் கழற்றக் கஸ்தூரி குழிக்குள் இறங்கினாள். கிரேனில் தொங்கிய அச்சுப் பெட்டி நழுவி அவள் மேல் விழுந்தது. அவர்கள் அதைத் தூக்கவில்லை. மண் கொட்டினார்கள். மறுநாள் கேட்டில் நின்று, அவள் ஓடிவிட்டாள் என்று முதலில் சொன்னதும் இன்சார்ஜ்தான்.

யாரும் சந்தேகப்படவில்லை. அப்படிப்பட்ட கதையை ஜனங்கள் கேட்டவுடன் நம்புவார்கள். வாரா வாரம் அவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்கும் வேலையில் நானும்தான் இருந்தேன்.

அந்தக் காட்சியை ஒளிபரப்ப வேண்டும் என்று சேனல் துடித்தது. உண்மைச் சம்பவம் என்று போட்டால் பார்ப்பார்களாம். ஏழுமலைக்கும் கஸ்தூரிக்கும் காதல் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லதாம். நாங்கள் இருவரும் எழுந்து வந்துவிட்டோம். சில வாரங்களில் செங்கமலமும் ரஃபீக்கும் மழையில் ஒதுங்கினார்கள். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

பிறகு ஒருமுறை ஏழுமலையிடம் போனில் கேட்டேன், இன்னும் அங்கே ஏதாவது தெரிகிறதா என்று. "அத்த மட்டும் கேக்காதீங்கம்மா," என்றார்.

மகள்

கஸ்தூரிக்கு ஒரு மகள். பெயர் மஞ்சுளா. அம்மா போனபோது மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தவள். ஓடிப்போனவளின் மகள் என்ற பெயரோடு வளர்ந்து, நர்சிங் படித்து முடித்திருந்தாள். எலும்புகளைப் போலீசிடமிருந்து வாங்கிச் சுடுகாட்டில் செய்ய வேண்டியதைச் செய்த பிறகு, என் எண்ணைத் தேடிப் பிடித்து, "அந்த டிரைவர் வீட்டுக்குக் கூட்டிக்கினு போறீங்களா?" என்று கேட்டாள்.

பொன்னேரியிலிருந்து ஆட்டோவில் போனோம். இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல்கள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எல்லோரும் கேட்டதைத்தான் அவளும் கேட்பாள். அவளுக்கு அந்த உரிமையும் இருந்தது.

ஏழுமலை எங்களை உள்ளே உட்கார வைத்தார். அவர் மனைவி கௌரி, முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நகர்ந்து போய்க் கதவோரமாக நின்றார்.

மஞ்சுளா தண்ணீரைத் தொடவில்லை. "மாமா," என்றாள். "எங்கம்மா வேலைல எப்டி?"

ஏழுமலை அவளைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"கோவம் ஜாஸ்தி," என்றார் கடைசியில். "கையுறை கிழிஞ்சிப் போச்சின்னு மானேஜர் டேபிள் மேலயே அத்த கழட்டிப் போட்டுட்டு வந்துச்சு ஒரு தபா. மறுநாள் எல்லா பொம்பளைங்களுக்கும் புதுசு வந்துச்சு. தப்பா எறக்கினேன்னு வெச்சிக்கோ, கீழேந்து என்னைத் திட்டும். சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஆனா வாயப் பாத்தே எனக்குத் தெரியும், இன்னா திட்டுன்னு."

மஞ்சுளா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். கொப்பரை ஆடிய ஒரு நாள். மழைத் தண்ணீர் புகுந்த ஒரு நாள். கஸ்தூரி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்புக்காகப் பெண்கள் அடித்துக்கொண்டது. ஒரு தடவைகூட அவள் கை தவறாக இறங்கியதில்லை என்பது. பேசப் பேச அவருடைய வயது குறைந்துகொண்டே வந்ததுபோல் இருந்தது எனக்கு.

மூச்சு வாங்க ஓர் இடத்தில் நிறுத்தினார்.

கதவோரம் நின்றிருந்த கௌரி, எப்போது உட்கார்ந்தாரோ தெரியவில்லை, நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். புருஷனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்பறம்?" என்றார்.